சதுக்கம் கொள்ளாது

முப்பத்தொரு வருடம்
அஞ்சலகக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.
கண்ணாடியின் அடியில் ஒரு சாண் திறப்பு.
இந்த ஊர் ஆண்களை எனக்கு
முகத்தைவிடக் கையால்தான் தெரியும்.
பால்பண்ணை இனாவெனுக்குச் சுண்டுவிரல் பாதிதான்.
ஃபிரிடோலின் மான்சரின் நகக்கண்ணில் எப்போதும் பைன் பிசின்.
பள்ளி ஆசிரியர் சில்லறையை நீட்டும்போது
மோதிரம் என் பக்கம் திரும்பியிருக்கும்.

ஏப்ரல் கடைசி ஞாயிறு
இடுப்பில் வாள் செருகிச் சதுக்கத்துக்குப் போவார்கள்.
வாள்தான் வாக்குச் சீட்டு.
அப்பன் வாள், அவனுடைய அப்பன் வாள்,
வருடத்தில் ஒருநாள் துருத்தட்டி எடுப்பது.
பெண்கள் கயிற்றுக்கு வெளியே.
நான் ரொட்டிக்கடை மாடி ஜன்னலில்.

தொண்ணூறில் கேட்டார்கள்:
பெண்களுக்கும் வாக்கு, வேண்டுமா, வேண்டாமா?
'வேண்டாம்' என்றபோது ஒரு காடே எழுந்து நின்றது.
யாரும் எண்ணவில்லை, கண்ணால் பார்த்தே போதும் என்றார்கள்.
நான் எண்ணினேன்.
பாதிச் சுண்டுவிரல். பிசின். மோதிரம்.
பிறகு எமிலின் கை,
காலையில் நான் பொத்தான் மாட்டிவிட்ட சட்டைக்குள்ளிருந்து.

இரவு சூப் ஆறிக்கொண்டிருந்தது.
"உன்மேல் ஒன்றுமில்லை, எல்ஸ்பெத்.
சதுக்கம் கொள்ளாது, அவ்வளவுதான்."

குளிர்காலத்தில் லொசானிலிருந்து ஒரு பதிவுத்தபால்.
நீதிமன்ற முத்திரை.
விதைக்கடைப் பட்டியலைவிட மெலிது.
கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைத்தேன்.
உள்ளே நான் இருந்தேன் என்பது
வானொலி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த ஏப்ரல்.
வாள் இல்லை, ஓர் அட்டை.
கயிற்றைத் தூக்கிப் பிடித்தது மான்சர்.
பிடித்தபடியே வானத்தைப் பார்த்தான், மழையை விசாரிப்பவன்போல.
உள்ளே பூச்சியுருண்டை வாசனை, ஈரக் கம்பளி.
யாருடைய வாளுறையோ முழங்காலில் இடித்தது.
"மன்னிக்கணும்" என்றது ஒரு குரல்.
அதுநாள்வரை என்னிடம் "ரெண்டு ஸ்டாம்ப்" மட்டுமே சொல்லியிருந்த குரல்.

சதுக்கம் கொண்டது.

மனசு மாறும், அப்புறம் சட்டம் வரும் என்று
காத்திருந்தவள் நான்.
சட்டம் முன்னால் வந்தது.
மனசு பின்னால் ஆடுபோல வந்தது,
முன்னது தாண்டிய இடத்தில் தானும் தாண்டி.

மூன்றாம் வருடம் இனாவென் திறப்பில் குனிந்து கேட்டார்,
"பாலம் விஷயத்தில் நீ எந்தப் பக்கம்?"
பத்தாம் வருடம் என் அட்டையைக் காணோமென்று
எமில் வீட்டையே புரட்டினார்.
இருபதாம் வருடம்
'வேண்டாம்' என்று கை தூக்கிய ஓர் ஆள் ஊரில் இல்லை.
மான்சருக்கு அன்று காய்ச்சலாம்.
ஆசிரியர் ஆதியிலிருந்தே எங்கள் பக்கமாம்.
எமிலும் நம்பினார், சாகும்வரை, நிஜமாகவே,
தன் கை கோட்டுப் பைக்குள்தான் இருந்ததென்று.
திருத்த எனக்கு வாய் வரவில்லை.

போன வருடம் ஊர்க்கூட்டம்.
பத்து வருடம் இங்கேயே வாழும் அயல்நாட்டாருக்கு
ஊர்க் காரியத்தில் வாக்கு, வேண்டுமா, வேண்டாமா?

ரொட்டிக்கடை மாடியில் இப்போது லும்தூரியே குடியிருக்கிறாள்.
கொசோவோக்காரி.
எனக்கு முழங்கால் அறுவை நடந்தபோது
ஆறு வாரம் குனிந்து
என் காலுறையை மாட்டிவிட்டவள்.

'வேண்டாம்' என்றார்கள்.
பார்த்தால் ஒரு கை,
முத்திரை குத்திக் குத்தி வளைந்த கட்டைவிரலோடு
என் தோளிலிருந்து மேலே போயிருந்தது.
பக்கத்தில் நின்றவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்,
"அவள்மேல் ஒன்றுமில்லை, ஆனால் சதுக்கம்..."
என் வாயில் சூப் ஆறிய வாசனை.

ஜன்னலை நிமிர்ந்து பார்க்கவில்லை.
அங்கிருந்து எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பது
என்னைவிட யாருக்குத் தெரியும்?

மறுநாளும் அவள் வந்தாள்.
கேட்கவில்லை. ரொட்டியை வைத்தாள், எப்போதும்போல,
மோதிரமில்லாத கை.

ஏதோ ஒரு குளிர்காலத்தில்
இன்னொரு மெல்லிய தபால் வரும்.
இருபது வருடம் கழித்து,
நான் இருந்தால், என்னைக் கேளுங்கள்.

அன்று எனக்குக் காய்ச்சல்.